டிரக்கிலேயே ஏர் கம்ப்ரசர்: இடம் பார்ப்பது முதல் கடைசி வயர் வரை முழு வழிகாட்டி

ஏர் கம்ப்ரசரை நான்கு போல்ட் போட்டு வண்டியில் உட்கார வைக்க அரை மணி நேரம் போதும். மீதி ஒன்றரை நாளும் வயருக்கும் ஹோஸுக்கும்தான் போகும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள்தான் நல்ல கம்ப்ரசர் வாங்கியும் டயரில் காற்று ஏறவில்லை என்று புலம்புகிறார்கள். நானும் அப்படிப் புலம்பியவன்தான். முதல் முறை பொருத்தியபோது கையில் கிடந்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை இழுத்துவிட்டேன். மோட்டார் ஓடியது, ஆனால் முக்கி முனகித்தான் ஓடியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 13.9 வோல்ட், கம்ப்ரசர் முனையில் 11.8. இரண்டு வோல்ட் வழியிலேயே சூடாகக் கரைந்துபோயிருந்தது. வயரைத் தொட்டால் கை பொறுக்கவில்லை.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரி உள்ள பிக்கப், சிறிய டிரக் வகைகளுக்கு. ஏர் பிரேக் உள்ள கனரக வண்டியில் இன்ஜினோடு சேர்ந்த கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கும். அந்த பிரேக் டேங்கில் நாமாக ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுக் காற்று எடுக்கும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். 24 வோல்ட் வண்டி என்றால் 24 வோல்ட் கம்ப்ரசரே வாங்குங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் ஒன்று எப்போதும் பட்டினி, இன்னொன்றுக்கு எப்போதும் அஜீரணம். இரண்டுமே சீக்கிரம் போய்விடும்.

வாங்கும் முன் ஒரு கணக்கு

கம்ப்ரசர் பெட்டியில் மூன்று எண்களைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் காற்று தள்ளும், எத்தனை ஆம்பியர் இழுக்கும், டியூட்டி சைக்கிள் எவ்வளவு. அதிகபட்ச பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருப்பது நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. டயருக்குத் தேவை 30, 40 பிஎஸ்ஐதான்.

டியூட்டி சைக்கிள் 33 சதவீதம் என்றால் அரை மணி நேரத்தில் 10 நிமிடம் ஓடலாம், 20 நிமிடம் ஆற வேண்டும். அதுவும் பெட்டியில் போட்டிருக்கும் அழுத்தத்தில், அவர்கள் சொல்லும் வெப்பநிலையில். நான்கு பெரிய டயருக்கு ஒரே மூச்சில் காற்றடிப்பவருக்கு 100 சதவீதம் என்று போட்டிருப்பதுதான் நிம்மதி.

அப்புறம் காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க். டேங்க் இருந்தால் டயர் சட்டென்று நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயருக்குள் 60 லிட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு ஏற்ற 17 பிஎஸ்ஐ வேண்டும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. ஆக, வெளிக்காற்றில் சுமார் 69 லிட்டர் உள்ளே போக வேண்டும். 10 லிட்டர் டேங்க் 145 பிஎஸ்ஐயிலிருந்து 45க்கு இறங்கும்போது கொடுப்பது 68 லிட்டர். அதாவது முழு டேங்க் ஒரு டயரோடு காலி. மீதி மூன்றையும் கம்ப்ரசர்தான் நிரப்ப வேண்டும். டயருக்கு மட்டும் என்றால் டேங்கே வேண்டாம் என்பது என் கருத்து. ஏர் ஹாரன், ஏர் சஸ்பென்ஷன், தூசி ஊதும் துப்பாக்கி போன்றவை இருந்தால் டேங்க் வேண்டும். காற்றால் நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு நிமிடத்துக்கு 70 லிட்டர் தரும் கம்ப்ரசர் தாக்குப்பிடிக்காது. நான்கு நட்டைக் கழற்றியதும் டேங்க் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கீழே டேங்க் வைத்த அமைப்பைத்தான் சொல்கிறேன். டேங்க் வேண்டாதவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சும், அது தவறினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வும் கம்ப்ரசரின் வெளியேறும் வாயிலேயே ஒரு சிறிய மேனிஃபோல்டில் (பல வாய் உள்ள இணைப்புக் கட்டை) உட்கார வேண்டும். அவற்றை விடக் கூடாது.

1. இடம்

கம்ப்ரசருக்குச் சூடும் தண்ணீரும் சேறும் ஆகாது. பானெட்டுக்குள் வைத்தால் வயர் குறையும், ஆனால் இன்ஜின் சூட்டில் அது ஏற்கெனவே பாதி களைத்த நிலையில்தான் ஓடத் தொடங்கும். டர்போ, சைலன்சர் பைப் பக்கம் போகவே கூடாது. சேசிஸுக்கு அடியில் வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும், சேறும் கிடைக்கும். இருக்கைக்கு அடியில் சுத்தமாக இருக்கும், ஆனால் சத்தம் காதுக்குள்ளேயே ஓடும், சூடு போகவும் வழியிருக்காது. எனக்குப் பிடித்தது பின் பக்கப் பெட்டியின் ஓர் ஓரம், மேல் மூடியோடு. வயர் நீளும்தான், அதற்குத் தடிமனான வயர் போட்டால் தீர்ந்தது.

எங்கே வைத்தாலும் காற்று உறிஞ்சும் ஃபில்டரை உலர்ந்த, உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான கம்ப்ரசர்களில் ஃபில்டரைக் கழற்றி ஒரு ஹோஸ் மூலம் தள்ளி வைக்கலாம். ஆற்றில் இறங்கும் வண்டியில் இது செய்தே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கதை அதோடு முடிந்தது.

துளை போடுவதற்கு முன் அந்தத் தகட்டின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் கட்டு, இந்த மூன்றும் எப்போதும் நாம் துளை போட நினைக்கும் இடத்துக்குப் பின்னால்தான் இருக்கும். சேசிஸ் சட்டத்தில் பொருத்துவதானால் ஏற்கெனவே இருக்கும் துளையைப் பயன்படுத்துங்கள். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது. வண்டி வளையும்போது அதிக இழுவை வாங்குவது அந்த விளிம்புகள்தான், துளை போட்டால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும்.

2. பொருத்துதல்

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கம்ப்ரசரோடு வரும் ரப்பர் புஷ்களை மறக்காமல் போடுங்கள். அவை இல்லாவிட்டால் அதிர்வு முழுவதும் தகட்டுக்குப் போய் வண்டியே பறை மாதிரி அடிக்கும். நைலான் உள்ள லாக் நட் போடுங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

டேங்கை அதற்கென்று செய்த கிளாம்பிலோ காலிலோதான் பிடிக்க வேண்டும். டேங்கில் வெல்டிங் வைக்கக் கூடாது. பழைய தீயணைப்பு சிலிண்டர், பிவிசி பைப் போன்றவற்றை டேங்காக மாற்றும் யோசனையைக் கேட்டால் கேட்ட காதோடு விட்டுவிடுங்கள். பிவிசி உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். டேங்கைத் தண்ணீர் வடியும் வாய் கீழே வருமாறு வையுங்கள். படுத்துக்கொண்டு கை நீட்டினால் அந்த வாய் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் யாரும் திறக்கப்போவதில்லை.

3. காற்றுப் பாதை

வரிசை இது: கம்ப்ரசர், பின்னல் போட்ட எஃகு ஹோஸ், செக் வால்வு (காற்றை ஒரே பக்கம் மட்டும் விடுவது), டேங்க். டேங்கின் மற்ற வாய்களில் சேஃப்டி வால்வு, பிரஷர் ஸ்விட்ச், கேஜ், வடிகால் வால்வு, கடைசியாக வெளியே போகும் லைன்.

கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று கொதிக்கக் கொதிக்க வரும். அதனால் முதல் ஹோஸ் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. டேங்கைத் தாண்டிய பிறகு, காற்று ஆறியபின், நைலான் டியூப் போடலாம். செக் வால்வில் அம்புக்குறி இருக்கும், அது டேங்கைப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் டேங்கின் அழுத்தம் திரும்பி வந்து பிஸ்டன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுமையோடு மோட்டார் கிளம்பத் திணறி ஃபியூஸை எரிக்கும்.

பிரஷர் ஸ்விட்ச் 110இல் போட்டு 145இல் அணைக்கும் வகை என்றால் சேஃப்டி வால்வு 175 பிஎஸ்ஐக்கு இருக்கட்டும். டேங்க் தாங்கும் அளவு அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். சேஃப்டி வால்வுக்கும் டேங்குக்கும் இடையில் எந்தக் குழாயடைப்பானும் வரக் கூடாது.

இனி மரைக்கு வருவோம். இங்கேதான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். ஒரு கேஜ் மட்டும் எத்தனை முறை டேப் சுற்றினாலும் ஒழுகியது. சோப்புத் தண்ணீர் தடவினால் மரையின் ஒரே இடத்தில் கடுகளவு குமிழி எழுந்து பெரிதாகி உடையும், மறுபடி எழும். ஐந்தாவது முறை கழற்றிய பிறகுதான் மரையையே பார்க்கத் தோன்றியது. டேங்க் என்பிடி (அமெரிக்க முறை) மரை, கேஜ் பிஎஸ்பி (பிரிட்டிஷ் முறை) மரை. கால் அங்குல என்பிடியில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, மரையின் கோணம் 60 டிகிரி. பிஎஸ்பியில் 19 மரை, 55 டிகிரி. இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் கையில் ஒரு கரகரப்பு தெரியும். அந்தக் கரகரப்பைச் சுத்தமில்லாத மரை என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இரண்டும் கெட்டுப்போகும். வாங்கும்போதே எல்லாம் ஒரே மரைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

டெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகார முள் போகும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். முதல் மரையை வெறுமனே விடுங்கள். இல்லாவிட்டால் டேப் துணுக்கு பிய்ந்து உள்ளே போய் வால்வில் சிக்கும். பித்தளைப் பொருத்துகளைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போனால் யோசியுங்கள்.

வெளியேறும் வாயை பம்பர் பக்கம் கொண்டுவந்து குவிக் கப்ளரும் தூசி மூடியும் போடுங்கள். டேங்க் 145 பிஎஸ்ஐ வைத்திருக்கும், டயருக்கு 35தான் வேண்டும் என்பதை ஞாபகம் வையுங்கள். கேஜ் உள்ள காற்றடிக்கும் துப்பாக்கி இல்லாமல் டயர் பக்கம் போகாதீர்கள்.

4. தடிமன் வயர்

சூத்திரம் எளிது. செம்பு வயரில் குறையும் வோல்ட் = 0.0175 × மொத்த நீளம் (மீட்டர்) × ஆம்பியர் ÷ வயரின் சதுர மில்லிமீட்டர். மொத்த நீளம் என்றால் போகும் நீளமும் திரும்பும் நீளமும் சேர்த்து.

30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, மொத்தம் 8 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.05 வோல்ட் போய்விடும். 6இல் 0.7. 10இல் 0.42. அரை வோல்ட்டுக்குள் நிற்பது என் எல்லை, ஆக இங்கே 10 சதுர மில்லிமீட்டர். இரட்டை மோட்டார் கம்ப்ரசர் 50, 60 ஆம்பியர் இழுக்கும், அதற்கு இதே தூரத்தில் 16 அல்லது 25 போக வேண்டும்.

செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் மலிவாகக் கிடைக்கும். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை.

பிளஸ் வயர் பேட்டரியிலிருந்து கிளம்பி ஒரு சாண் தாண்டுவதற்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் கம்ப்ரசரைக் காப்பதற்கு இல்லை, வயரைக் காப்பதற்கு. கம்ப்ரசர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவழியில் வயர் உரசி பாடியைத் தொடும்போது அதற்குத் தெரியவே தெரியாது. பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த இடத்தில் பாயும், தீ பிடிக்கும். 30 ஆம்பியர் மோட்டாருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் சரி. தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதையே போடுங்கள். எப்படியும் ஃபியூஸ் மோட்டாரைவிடக் கூடுதலாகவும் வயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

வயர் போகும் வழி முழுவதும் வரிவரியான பிளாஸ்டிக் உறை போடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம் (கிரோமெட்). பிரேக் பைப்போடும் டீசல் பைப்போடும் சேர்த்துக் கட்டக் கூடாது. ஒரு சாணுக்கு ஒரு டை போட்டால் ஆடாது.

முனைகளில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) போடும்போது பிளையரால் நசுக்குவது வேலைக்கு ஆகாது. அதற்கான கிரிம்பிங் கருவி வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். சாலிடர் வைக்கலாமே என்பார்கள். சாலிடர் ஊறிய இடம் கம்பி மாதிரி விறைத்து, அந்த விளிம்பில் அதிர்வு தாங்காமல் முறியும். கிரிம்ப் செய்ததும் லக்கை ஒரு கையிலும் வயரை மறு கையிலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். என் பழைய வயரிங்கைப் பிரித்தபோது ஒரு லக் அப்படியே கையோடு வந்துவிட்டது. உள்ளே இழைகள் கறுத்துப்போய்ப் பாதிதான் பிடித்திருந்தன. காணாமல் போன இரண்டு வோல்ட்டில் ஒரு பங்கு அங்கேதான் இருந்தது. இழுத்துப் பார்த்த பிறகு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

எர்த் வயரும் பிளஸ் வயரின் அதே தடிமன். பெயின்டைச் சுரண்டி வெள்ளித் தகடு தெரிந்த பிறகுதான் போல்ட். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கும். எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால் நீங்கள் இழுக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது, சார்ஜ் கணக்குத் தப்பிப்போகும். அப்படிப்பட்ட வண்டியில் சேசிஸ் எர்த்தில் மாட்டுங்கள்.

5. ரிலேயும் ஸ்விட்சும்

டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 30 ஆம்பியரை ஓட்ட முடியாது. ஸ்விட்ச் ரிலேயை (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) உசுப்ப, ரிலே மோட்டாரை ஓட்ட வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் போட்டிருக்கும்:

- 30: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடிமன் வயர்
- 87: கம்ப்ரசரின் சிவப்பு வயர்
- 85: எர்த்
- 86: ஸ்விட்ச், பிரஷர் ஸ்விட்ச் வழியாக வரும் மெல்லிய வயர்

ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ இருக்கும். அதில் எதையும் மாட்ட வேண்டாம். ரிலே அணைந்திருக்கும்போது கரண்ட் போவது அதில்தான். தவறி அங்கே மாட்டினால், ஸ்விட்சைப் போட்டால் நிற்கும், அணைத்தால் ஓடும். வேடிக்கைதான், ஆனால் பேட்டரி காலியாகும் வேடிக்கை.

40 ஆம்பியர் என்று எழுதிய மலிவான ரிலேயில் 30 ஆம்பியரைத் தொடர்ந்து ஓட்டினால் அதன் சாக்கெட் உருகுவதைப் பார்க்கலாம். 70 ஆம்பியர் ரிலே போடுங்கள். இரட்டை மோட்டார் என்றால் மோட்டாருக்கு ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ்.

மெல்லிய வயரின் பாதை: சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸோடு எடுத்து, டேஷ்போர்டு ஸ்விட்ச், பிறகு பிரஷர் ஸ்விட்ச், பிறகு 86. பிரஷர் ஸ்விட்ச் இந்த மெல்லிய பாதையில் இருந்தால் அதன் முனைகள் கருகாது. ரிலே சுருளுக்கு கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை, அதனால் 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். சில கம்ப்ரசர்களில் சூட்டை உணரும் தனி மெல்லிய வயர் வரும். அதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் உள்ளபடியே சேருங்கள்.

சாவியோடு ஏன் கட்ட வேண்டும்? எங்கோ ஒரு சிறு கசிவு இருந்தால், நேர் கரண்டில் உள்ள கம்ப்ரசர் இரவு முழுவதும் விட்டுவிட்டு ஓடும். காலையில் பேட்டரி படுத்துவிடும்.

6. ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் மாட்டிய பிறகு கடைசியாக பேட்டரி மைனஸ். இன்ஜினை ஓடவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்விட்சைப் போடுங்கள். கேஜ் ஏற வேண்டும், 145இல் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் 150ஐத் தாண்டினால் கையால் அணையுங்கள். நின்ற பிறகு சேஃப்டி வால்வின் வளையத்தை ஒரு முறை இழுத்து விடுங்கள், சீறி அடங்க வேண்டும்.

மோட்டார் ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மற்றதை கம்ப்ரசரின் பிளஸிலும் வையுங்கள். வழியில் தொலையும் வோல்ட்டை அது நேராகவே காட்டும். இதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் கம்ப்ரசர் மைனஸுக்கும். பிளஸ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.2க்குள் இருந்தால் நல்ல வேலை. அதிகமாக இருந்தால் வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்துக்கொண்டே போங்கள், திருடன் எங்காவது அகப்படுவான்.

கசிவுக்கு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஆறவிட்டு கேஜைக் குறித்துவைத்து, மறுநாள் காலை பாருங்கள். நிரப்பிய உடனே குறித்தால் காற்று ஆறுவதாலேயே அழுத்தம் இறங்கும், இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆறிய பிறகு இரவில் 10 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் தேட வேண்டியதுதான்.

பிறகு வரும் தொல்லைகள்

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் எர்த்தையும் ஒரு முறை இறுக்குங்கள். டேங்க் தண்ணீரை வாரம் ஒரு முறை வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. துரு கலந்த தண்ணீர் வந்தால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். எண்ணெய் தேவையில்லாத கம்ப்ரசரில் எண்ணெய் விடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக நின்றால் பெரும்பாலும் சூடு தாங்காமல் உள்ளே உள்ள காப்பு அணைத்திருக்கும். ஆறியதும் அதுவே சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப ஓடும். ஆகவே கை வைப்பதற்கு முன் ஸ்விட்சை அணையுங்கள்.

ரிலே டக் என்று ஒலிக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றால் மெல்லிய பாதை சரி, தடிமன் பாதையில் பாருங்கள்: ஃபியூஸ், 30, 87, எர்த் என்ற வரிசையில். டக் சத்தமே இல்லை என்றால் தேங்கியிருக்கும் அழுத்தத்தை முதலில் பாருங்கள். டேங்க் நிரம்பியிருந்தால் பிரஷர் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். ரிலே இடைவிடாமல் டக்டக்கென்று அடித்துக்கொண்டால் மோட்டார் கிளம்பும்போது வோல்ட் விழுகிறது, எர்த்தைத் தேடுங்கள்.

காலி டேங்கில் நன்றாக ஓடுகிறது, பாதி நிரம்பிய டேங்கில் மட்டும் கிளம்ப மறுக்கிறது என்றால் செக் வால்வு. டேங்கில் அழுத்தம் இருக்கும்போது கம்ப்ரசர் பக்கத்து ஹோஸை மெதுவாகத் தளர்த்துங்கள். ஒரு சின்ன 'புஸ்' வந்து அடங்கினால் வால்வு நல்லது. அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் உடனே இறுக்கி, டேங்கைக் காலி செய்துவிட்டு வால்வை மாற்றுங்கள்.